முத்து ஆரத்தியும் சவரக் கத்தியும்

மதத்தின் பெயரால் ஆணையிடுபவர்களிடம் முதலில் அடிபடுவது நாத்திகர்கள் அல்ல, தன் குரலில் பேசத் துணிந்த பக்தர்கள்தான். திருப்பதி மலையும் சித்தூர் மண்ணும் சொல்லும் பாடம் இது.

திருமலையில் இரவு வெகுநேரம் கழித்துத்தான் ஏழுமலையானுக்கு ஓய்வு. கடைசிப் பக்தரும் வெளியேறிய பிறகு ஏகாந்த சேவை தொடங்குகிறது. 15-ம் நூற்றாண்டுக் கவிஞர் அன்னமாச்சாரியாரின் பரம்பரையினர் சார்பில் தாலாட்டு. அதன் பிறகு முத்துக்கள் பரப்பிய தட்டில் ஓர் ஆரத்தி. தெலுங்கு நாட்டில் இதைப் பற்றி ஒரு வழக்குமொழியே உண்டு: தாலாட்டு தாள்ளபாக்கத்தாருடையது, ஆரத்தி தரிகொண்டாவினுடையது.

அந்த ஆரத்திக்கு உரியவர் ஒரு பெண். பெயர் தரிகொண்ட வெங்கமாம்பா. 1730 வாக்கில் பிறந்து 1817-ல் மறைந்த கவிஞர். இரண்டு நூற்றாண்டுகளாக, உலகின் மிகப் பணக்காரக் கோயில்களில் ஒன்றின் நடை சாத்தப்படுவதற்கு முன் கடைசியாக நினைக்கப்படும் பெயர்களில் ஒன்று இவருடையது. ஆனால் வாழ்ந்த காலத்தில் இவருடைய தலையை மழித்து, மூலையில் உட்கார வைக்க ஒரு பீடமே கிளம்பி வந்தது என்பதையும் அதே மரபு மறக்காமல் சொல்கிறது.

தரிகொண்டா, முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த சிற்றூர். அந்தணக் குடும்பத்தில் பிறந்த வெங்கமாம்பாவுக்குச் சிறுவயதிலேயே திருமணம் ஆனது. கணவர் விரைவில் இறந்துபோனார். அன்றைய வழக்கப்படி வளையல் உடைக்கப்பட வேண்டும், பொட்டு அழிக்கப்பட வேண்டும், தலை மழிக்கப்பட வேண்டும். அவர் மறுத்துவிட்டார். 'என் கணவர் வேங்கடவன், அவருக்கு மரணமில்லை, நான் எப்படி விதவையாவேன்?' என்பது அவருடைய வாதம்.

ஊர்ப் பெரியவர்களுக்கு இது பொறுக்கவில்லை. புஷ்பகிரி பீடாதிபதியிடம் புகார் போனது. அவர் ஊருக்கு வந்து, நாவிதரை அழைத்து மழிக்கச் சொன்னார் என்கிறது கதை. அதற்குப் பிறகு நடந்தது பலவிதமாகச் சொல்லப்படுகிறது. மழித்த கூந்தல் ஆற்றில் மூழ்கி எழுந்ததும் மீண்டும் வளர்ந்துவிட்டது என்பது ஒன்று. அவர் வணங்கியதும் பீடாதிபதியின் ஆசனமே தீப்பற்றியது என்பது இன்னொன்று.

இவை ஆவணங்கள் அல்ல, மக்களின் நினைவு. ஆனால் அந்த நினைவு ஒரு செய்தியை ஒளித்து வைத்திருக்கிறது. ஒரு விதவை வாதத்தால் வென்றாள் என்று சொல்ல அந்தச் சமூகத்துக்கு மனம் வரவில்லை. அற்புதத்தால் வென்றாள் என்றுதான் சொல்ல முடிந்தது. அதே காலத்தில் அதே கத்திக்குத் தலைகொடுத்த ஆயிரக்கணக்கான மற்ற இளம் விதவைகளுக்கு எந்த ஆறும் கூந்தலைத் திருப்பித் தரவில்லை. அவர்களில் எத்தனை பேருக்குள் கவிதை இருந்தது என்று கணக்கெடுக்க இனி வழியில்லை.

ஊரில் இருக்க முடியாமல் வெங்கமாம்பா திருமலை ஏறினார். அங்கேயும் உடனே அமைதி கிடைத்துவிடவில்லை. அக்கம்பக்கத்தவரின் தொல்லை தாங்காமல் காட்டுக்குள் இருக்கும் தும்புரு தீர்த்தத்துக்குப் போய்ப் பல ஆண்டுகள் தனியே தங்கினார் என்பது மரபு. ஆனால் மலையில் அவருக்குக் கை கொடுத்தவர்களும் இருந்தார்கள். அன்னமாச்சாரியாரின் வழித்தோன்றல்களும் ஹாதிராம்ஜி மடத்தின் மகந்தும் ஆதரித்ததாகச் சொல்லப்படுகிறது. மதம் என்பது ஒரே குரல் அல்ல. மழிக்கச் சொன்னதும் மதத்தின் பெயரால்தான், இருக்க இடம் தந்ததும் மதத்தின் பெயரால்தான்.

முறையாக எழுத்துப் பயின்றவளில்லை என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் இந்தப் பெண் விட்டுச்சென்றவை 'வேங்கடாசல மகாத்மியம்', 'துவிபத பாகவதம்', 'வாசிஷ்ட ராமாயணம்' உள்ளிட்ட பல நூல்கள். யட்சகானங்களும் எழுதினார். அன்றைக்கு அந்தக் கத்தி ஜெயித்திருந்தால் இழப்பு நாத்திகத்துக்கு அல்ல. வைணவ பக்தி இலக்கியத்துக்கு.

அரசரும் ஆண்டவரும்

வெங்கமாம்பாவுக்கு முந்நூறு ஆண்டுகள் முன்னால் இதே மலையில் பாடிய அன்னமாச்சாரியாரைப் பற்றியும் (1408-1503) ஒரு கதை உண்டு. சாளுவ நரசிம்மன் தன்னைப் பற்றி ஒரு பாடல் பாடும்படி கேட்டான். இறைவனைப் பாடிய நாவால் மனிதனைப் பாட மாட்டேன் என்றார் கவிஞர். விலங்கு பூட்டப்பட்டது. இங்கே ஆணையிட்டது அரசு. வெங்கமாம்பாவின் கதையில் பீடம். பெயர்தான் வேறு. இன்னொருவரின் வாயிலிருந்து என்ன சொல் வர வேண்டும் என்று முடிவு செய்யும் ஆசை ஒன்றுதான்.

அந்த அன்னமாச்சாரியாரின் பாடல்களை மகனும் பேரனும் செப்பேடுகளில் பொறிக்க ஏற்பாடு செய்தார்கள். கோயிலுக்குள் ஒரு சிறு கல்லறையில் அவை அடுக்கப்பட்டன. காலப்போக்கில் எல்லோரும் மறந்துபோனார்கள். அவர் 32,000 பாடல்கள் இயற்றியதாக மரபு சொல்கிறது. 1922-ல் செப்பேடுகள் அறிஞர்களின் கவனத்துக்கு வந்த பிறகு, சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்களின் உழைப்பால் அச்சேறின. சாதி வேறுபாட்டை மறுத்து, பிரம்மம் ஒன்றே என்று ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த மலையில் ஒருவர் பாடியிருக்கிறார் என்பது பரவலாகத் தெரிய வந்தது அதன் பிறகுதான்.

இதில் கோயிலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செப்பேடுகளைக் காப்பாற்றியதே கோயில்தான். ஆனால் காப்பதும் படிப்பதும் வேறு வேறு வேலைகள். பூட்டிய அறையில் இலக்கியம் பத்திரமாக இருக்கலாம். உயிரோடு இருக்க அது வெளியே வந்து வாசிக்கப்பட வேண்டும், விவாதிக்கப்பட வேண்டும்.

தஞ்சையிலிருந்து இன்னொரு பெண்

வெங்கமாம்பா வாழ்ந்த அதே 18-ம் நூற்றாண்டில், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் அரசவையில் இன்னொரு தெலுங்குப் பெண் கவிஞர் இருந்தார். தேவதாசி மரபில் வந்த முத்துப்பழனி. அவருடைய 'ராதிகா சாந்த்வனம்' ராதை, கிருஷ்ணன் காதலை ஒரு பெண்ணின் ஆசையின் பக்கமிருந்து பாடுகிறது. 1910-ல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதைப் பிழை நீக்கிப் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே ஆபாசம் என்று சொல்லி ஆங்கில அரசு பிரதிகளைக் கைப்பற்றியது. சென்னை மாகாண முதல்வராக இருந்த டி. பிரகாசத்தின் முயற்சியால் 1947-ல்தான் தடை நீங்கியது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அந்த நூலைக் கடுமையாகக் கண்டித்தவர்களில் முக்கியமானவர் கந்துகூரி வீரேசலிங்கம். 1881-ல் ராஜமுந்திரியில் விதவை மறுமணத்தை நடத்திவைத்து, எந்தக் கத்தியிலிருந்து வெங்கமாம்பா தப்பினாரோ அதே கத்தியை எதிர்த்து நின்ற சீர்திருத்தவாதி. ஆக, அடுத்தவர் எழுத்தின் மேல் அதிகாரம் செலுத்தும் ஆசை மடாதிபதிகளுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஒழுக்கத்தின் பெயரால் நல்லவர்களும் அதைச் செய்யக்கூடும்.

2018: சித்தூருக்கு ஒரு நாடு கடத்தல்

காலம் மாறிவிட்டது, இனி பீடம் வந்து தலையை மழிக்காது என்று நினைப்பவர்கள் 2018 ஜூலையை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரைப்பட விமர்சகர் கத்தி மகேஷ் ஹைதராபாதில் பிரபலமானவர். தெலுங்கு பிக் பாஸ் முதல் பருவத்தில் பங்கேற்றவர். தலித் சமூகத்தவர். ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் ராமரையும் சீதையையும் பற்றி அவர் சொன்ன கருத்துகள் பலரைக் கோபப்படுத்தின. வழக்குகள் பதிவாயின. ஜூலை 9 அன்று தெலங்கானா போலீஸ் அவரை ஆறு மாதத்துக்கு ஹைதராபாதிலிருந்து வெளியேற்றியது. சொந்த மாவட்டமான சித்தூருக்குக் கொண்டுவந்து விட்டது.

அவரைக் கண்டித்துப் பாதயாத்திரை போகப்போவதாக அறிவித்த சுவாமி பரிபூர்ணானந்தாவும் இரண்டு நாள் கழித்து நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார். சட்டம் ஒழுங்கு என்று காரணம் சொல்லப்பட்டது. இரு தரப்பையும் சமமாக நடத்தியதாக அரசு நினைத்திருக்கலாம். உண்மையில் விமர்சகரின் பேச்சும் போயிற்று, சாமியாரின் எதிர்ப்பும் போயிற்று. மிஞ்சியது போலீஸின் முடிவு மட்டும்.

கத்தி மகேஷ் சொன்னது சரியா, நாகரிகமா என்பது வேறு விவாதம். அவருடைய பேச்சு புண்படுத்தியது என்று உண்மையாகவே வருந்தியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவும் கட்டுரை எழுதவும் ஊர்வலம் போகவும் உரிமை உண்டு. கேள்வி இதுதான்: புண்பட்ட மனதுக்கு மருந்து, பேசியவனை ஊரைவிட்டுத் துரத்துவதா? ஊர்விலக்கம் என்பது பழைய பஞ்சாயத்துத் தண்டனை. 21-ம் நூற்றாண்டில் ஓர் அரசு அதை ஜீப்பில் ஏற்றி நிறைவேற்றியது. மகேஷ் 2021-ல் சாலை விபத்தில் காயமுற்று, சென்னை மருத்துவமனையில் காலமானார்.

சட்டத்தின் வரலாறு

மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் பிரிவு, இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295-ஏ என்ற எண்ணில் 1927-ல் நுழைந்தது. லாகூரில் நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தும் ஒரு பிரசுரத்தை வெளியிட்டவர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானதும் எழுந்த கொந்தளிப்பை அடக்கத்தான் ஆங்கில அரசு இதைக் கொண்டுவந்தது. சட்டம் வந்தும் அந்தப் பதிப்பாளர் தப்பவில்லை. 1929-ல் குத்திக் கொல்லப்பட்டார். 1957-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றது. ஆனால் வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்த அவமதிப்புக்கு மட்டுமே இது பொருந்தும் என்று எல்லை வகுத்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 என்ற புது எண்ணோடு அது தொடர்கிறது.

நடைமுறையில் அந்த எல்லையை நீதிமன்றம் நினைவுபடுத்துவதற்குள் எழுத்தாளர் களைத்துப்போய்விடுகிறார். தண்டனை என்பது தீர்ப்பில் இல்லை, வழக்கில் இருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்குத் திருச்செங்கோட்டில் எழுந்த எதிர்ப்பு 2015 ஜனவரியில் நாமக்கல்லில் ஓர் 'அமைதிப் பேச்சுவார்த்தை'யில் முடிந்தது. அதிகாரிகள் முன்னிலையில் அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார். பிறகு தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, எழுத்தாளர் மீண்டும் எழுத வழி திறந்தது. அந்தப் பேச்சுவார்த்தை அறையில் கத்தி எதுவும் இல்லை. பேனாதான் இருந்தது. ஆனால் செய்த வேலை ஒன்றுதான்.

எந்த மதத்துக்கும் விலக்கில்லை

இது ஒரு மதத்தின் நோய் என்று நினைப்பவர்கள் ஆறுதல் அடைய வேண்டாம். தக்கலைக் கவிஞர் எச்.ஜி. ரசூல் 2007-ல் எழுதிய ஒரு கட்டுரைக்காக ஜமாஅத்தால் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். அவருடைய 'மைலாஞ்சி' கவிதைத் தொகுப்பு அதற்கு முன்பே எதிர்ப்பைச் சந்தித்திருந்தது. அவர் இஸ்லாத்தின் எதிரி அல்ல. உள்ளிருந்து கேள்வி கேட்டவர். 2017 மார்ச்சில் கோவையில், கடவுள் மறுப்பை வெளிப்படையாகப் பேசிய ஒரு முஸ்லிம் இளைஞர் சொந்த மதத்தவர்களாலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

1994-ல் வங்கதேசத்தைவிட்டு வெளியேறிய தஸ்லிமா நஸ்ரின், 2007 ஆகஸ்ட் 9 அன்று தன் நாவலின் தெலுங்கு மொழிபெயர்ப்பு வெளியீட்டுக்காக ஹைதராபாத் பிரஸ் கிளப்புக்கு வந்தார். அங்கே அவரைத் தாக்கியவர்களில் சட்டமன்ற உறுப்பினர்களும் இருந்தார்கள். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் புத்தகம் வருவதுகூட ஆபத்தான காரியமாகிவிட்டது. 2006-ல் 'தி டாவின்சி கோட்' படத்தைக் கிறிஸ்தவர்கள் மனம் புண்படும் என்று தமிழகமும் ஆந்திரமும் தடை செய்தன. இரண்டு தடைகளும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

பக்கத்து மாநிலங்களில் கதை இன்னும் கொடூரமானது. 2013-ல் புணேயில் நரேந்திர தபோல்கர், 2015-ல் கோல்ஹாப்பூரின் கோவிந்த் பன்சாரே, தார்வாடில் எம்.எம். கல்புர்கி, 2017-ல் பெங்களூரில் கௌரி லங்கேஷ் ஆகியோர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இவர்களில் கல்புர்கி, வாழ்நாள் முழுவதும் பசவரின் வசன இலக்கியத்தை ஆராய்ந்தவர். இங்கேயும் அதே கணக்கு: மதத்தின் இலக்கியத்தை மிக நெருங்கிப் படித்தவர்தான் மிக அபாயமானவராகத் தெரிகிறார்.

ஆட்சியே மதத்தின் கையில் போகும்போது இந்தக் கணக்கு நாட்டு எல்லையையும் தாண்டுகிறது. 1989 பிப்ரவரியில் ஈரானின் தலைவர் அயதுல்லா கொமெய்னி, பிரிட்டனில் வாழ்ந்த சல்மான் ருஷ்டிக்கு மரண ஆணை பிறப்பித்தார். ஆணையிட்டவர் அதே ஆண்டில் இறந்துபோனார். ஆணை இறக்கவில்லை. 33 ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு மேடையில் ருஷ்டி கத்தியால் குத்தப்பட்டு ஒரு கண்ணை இழந்தார். குத்திய இளைஞர் ஆணை பிறந்தபோது பிறந்திருக்கவே இல்லை.

மலையை ஆண்டவர்கள்

மத அதிகாரம் கணக்குக் கேட்கப்படாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் திருமலை நிர்வாகமே பார்த்திருக்கிறது. 1801 முதல் கோயில் வருவாய் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. கிறிஸ்தவ அரசு இந்துக் கோயிலை நடத்துவதா என்று இங்கிலாந்தில் எதிர்ப்பு கிளம்பவே, 1843-ல் ஹாதிராம்ஜி மடத்தின் மகந்துகளிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. வெங்கமாம்பாவுக்கு ஆதரவு தந்ததாகச் சொல்லப்படும் அதே மடம்தான். ஆனால் மடம் நல்லதா கெட்டதா என்பதைவிட, தவறு நடந்தால் பக்தன் யாரிடம் போய்க் கேட்பது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. நிர்வாகம் பற்றிய புகார்கள் நீதிமன்றம் வரை போயின. 1932-ல் சென்னை மாகாணச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு தேவஸ்தானக் குழு பொறுப்பேற்றது. சட்டத்தின் கீழ் வந்த பிறகு வருவாயில் ஒரு பகுதி கல்லூரிகளாகவும் ஆராய்ச்சியாகவும் பதிப்பாகவும் மாறியது.

அரசியல்வாதிகள் கைக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் லட்டு நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்ததாக, முந்தைய ஆட்சியைக் குற்றம் சாட்டி முதல்வர் சந்திரபாபு நாயுடு பேசினார். விசாரணை முடிவதற்கு முன்பே பகிரங்கமாகப் பேசியது ஏன் என்று கேட்ட உச்ச நீதிமன்றம், தெய்வங்களையாவது அரசியலிலிருந்து விலக்கி வைக்கச் சொன்னது. கலப்படம் உணவுச் சோதனைக் கூடத்திலும் நீதிமன்றத்திலும் தீர வேண்டிய விஷயம். அது மேடைக்கு வந்ததும் நெய் பின்னுக்குப் போய் நம்பிக்கை முன்னுக்கு வந்தது. நம்பிக்கையின் பெயரால் ஆட்சி நடத்த பீடாதிபதி தேவையில்லை. ஓட்டுக் கேட்பவரே போதும்.

தரிகொண்டாவுக்கு அதிகத் தொலைவில் இல்லாத மதனப்பள்ளியில் 1895-ல் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். பிரம்மஞான சபையார் அவரை வரப்போகும் உலக குருவாக வளர்த்தார்கள். அவருக்காக ஓர் அமைப்பே உருவானது. சொத்துக்கள், சீடர்கள், ஒரு பீடாதிபதிக்குத் தேவையான எல்லாம் காத்திருந்தன. 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமன் நகரில், ஆயிரக்கணக்கான சீடர்கள் முன்னிலையில் அந்த அமைப்பைக் கலைத்துவிட்டு இறங்கிவந்தார். யாரும் யாரையும் உண்மைக்கு ஓட்டிக்கொண்டு போக முடியாது என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். மத அதிகாரத்தை எதிர்த்து நின்றவர்கள் பலர் உண்டு. கையில் கிடைத்த அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் மிகச் சிலர்.

யாருடைய முடிவு?

இன்றைக்குத் திருமலைக்குப் போகிறவர்கள் அன்னதானக் கூடத்தின் வாசலில் வெங்கமாம்பாவின் பெயரைப் பார்க்கலாம். 2011-ல் திறக்கப்பட்ட அந்தப் பெரிய வளாகத்துக்குத் தேவஸ்தானம் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறது. அவருடைய நூல்களையும் பதிப்பிக்கிறது. மலையிலேயே அவருடைய சமாதியான பிருந்தாவனமும் இருக்கிறது. தாமதமாக வந்தாலும் இந்த மரியாதை உண்மையானது. ஆனால் இதே மரியாதையை உயிரோடு இருப்பவர்களுக்கு எந்த நிறுவனமும் எளிதில் தருவதில்லை.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால் கல்யாணகட்டா. நாவிதர்கள் இரவு பகலாக உட்கார்ந்து மொட்டை அடிக்கிறார்கள். வரிசையில் பெண்களும் இருக்கிறார்கள். மகனுக்கு உடம்பு சரியானதற்காக, கடன் தீர்ந்ததற்காக, சொல்ல விரும்பாத வேறு எதற்காகவோ, இடுப்பு வரை நீண்ட கூந்தலை மனதாரக் கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்கள். யாரும் அவர்களைத் தடுப்பதில்லை. தடுக்கவும் கூடாது.

அதே கத்தி, அதே கூந்தல், அதே தெய்வம். தரிகொண்டாவில் அது தண்டனை, இங்கே காணிக்கை. முடிவெடுத்தது யார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.